வாலிபர் ஐக்கியத்தின் போஸ்டரும் ஆலயத்தின் திரையும்

நெல்லைச் சீமையில் ஒரு சேகரத்தின், அதாவது ஒரு குருவின் பொறுப்பிலுள்ள சபைகளின், வாலிபர் ஐக்கியச் செயலாளர் கேட்டிருக்கிறார்: ஆலயத்தில் புதிதாகத் திரை வைத்திருக்கிறார்கள். மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளியும் அதையடுத்து வாலிபர் முகாமும் வருகின்றன. போஸ்டர், பாடல் வரிகள், வாட்ஸ்அப் அறிவிப்பு, யூடியூப் ஒளிபரப்பு எல்லாம் தன் பொறுப்பில் விடப்பட்டிருக்கின்றன. பணம் குறைவு, வடிவமைப்பு படித்தவர் சபையில் யாரும் இல்லை. மூத்தவர்கள் சிலர், 'சபைக்குள் உலகம் நுழைகிறது' என்று வருந்துகிறார்கள். பிளெக்ஸ் வைக்கலாமா? வாலிபர்களை எப்படி ஈர்ப்பது? எங்கிருந்து தொடங்குவது?

கடைசி பெஞ்சிலிருந்து தொடங்குங்கள். அங்கே கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்த ஒரு பாட்டி இருப்பார். திரையில் வரும் பாட்டை அவரால் வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள். பிறகு ஆலய வாசலுக்கு வெளியே போய் நில்லுங்கள். டீக்கடையில் நிற்கும் பையன், சபையைச் சேராதவன், உங்கள் போஸ்டரைப் பார்த்தால் அது தன்னையும் அழைக்கிறது என்று அவனுக்குப் புரியுமா? இந்த இரண்டு பேருக்கும் புரியும்படி செய்வதுதான் உங்கள் வேலை முழுவதும். மென்பொருள், கேமரா, எல்.இ.டி. சுவர் எல்லாம் அதற்கு அப்புறம் வருபவை. பல சபைகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. வெளிநாட்டுப் பெருஞ்சபை ஒன்றின் மேடையைப் பார்த்து, கறுப்புத் துணியும் நீல விளக்கும் புகையும் வாங்கிவிட்டு, திரையில் எழுத்துப் பிழையோடு வசனம் போடுகின்றன. வாங்கியது நாலு பேர் கண்ணில் படும். பிழை சபை முழுவதன் வாயிலும் ஏறும்.

மூத்தவர்களின் வருத்தத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதை நீங்கள் மரியாதையோடு கேட்க வேண்டும். ஆனால் பயப்பட வேண்டியதில்லை. காரணம், தமிழ்ச் சபை தன் காலத்துக் கருவியை எடுத்துத் தன் ஊரின் வடிவத்தில் பேசுவதைத் தொடக்கத்திலிருந்தே செய்துவந்திருக்கிறது. தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் 'தம்பிரான் வணக்கம்'. 1578 அக்டோபரில் கொல்லத்தில் அச்சிடப்பட்டது. அதைத் தமிழாக்கியவர் அன்றிக் அடிகளார் என்று நாம் அழைக்கும் என்றிக்கே என்றிக்கஸ். முத்துக்குளித்துறைப் பரதவர்களின் நடுவில் வாழ்ந்து அவர்களுக்காக உழைத்தவர் அவர். பதினாறே பக்கம்! அன்றைக்கு அச்சு என்பது இன்றைய எல்.இ.டி. சுவரைவிடப் புதுமையான, அன்னியமான பொருள்.

அதைவிட உங்களுக்கு நேரடியாகப் பயன்படும் கதை தரங்கம்பாடியில் நடந்தது. ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்க் 1706இல் அங்கே வந்து இறங்கினார். அச்சுப்பொறி வந்த பிறகு, ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் வந்து சேர்ந்தன. வந்த எழுத்துகள் மிகப் பெரியவை. அந்த அளவில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் காகிதம் போதாது. காகிதமோ கடல் கடந்து வர வேண்டிய பொருள். எனவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈயத்தை அதற்கு உருக்கினார்கள் என்று அச்சு வரலாறு எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். 1714இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலருடைய நடபடிகளும், 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் வெளிவந்தன. அருகிலுள்ள பொறையாரில் காகித ஆலையும் வைத்துப் பார்த்தார்கள். எழுத்தின் அளவு, காகிதத்தின் விலை, வாசிப்பவரின் கண் மூன்றையும் ஒன்றாக வைத்து யோசித்த அந்த மனிதர்கள் செய்ததைத்தான் இன்று வடிவமைப்பு என்கிறோம். உங்கள் கமிட்டியில் யாராவது, 'இதெல்லாம் நமக்கு எதற்கு' என்று கேட்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

பாளையங்கோட்டையில் 1774இல் பிறந்து தஞ்சாவூரில் வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியாரையும் சொல்லுங்கள். குறத்தி வந்து குறி சொல்வதும், தலைவி தலைவனை நினைத்து ஏங்குவதும் நம் ஊர்க்காரர்கள் குற்றாலக் குறவஞ்சியில் கேட்டுப் பழகியவை. அந்த வடிவத்தை அப்படியே எடுத்துப் 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார் அவர். சபைக்கு வெளியே கைதட்டல் வாங்கிய வடிவம் அது. அதைக் கண்டு அவர் கூசவில்லை. இன்றும் நம் ஆலயங்களில் அவருடைய கீர்த்தனைகளைப் பாடுகிறோம். யாரும் அவற்றை உலகம் என்று சொல்வதில்லை.

தென்னிந்தியத் திருச்சபையின் சின்னத்தையே எடுத்துப் பாருங்கள். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் உருவான அந்தச் சபை, சிலுவையோடு தாமரையைத் தன் சின்னத்தில் வைத்துக்கொண்டது. இந்த மண்ணின் மலரும் கிறிஸ்துவின் சிலுவையும் ஒரே கோட்டில் இணைந்திருக்கின்றன. எத்தனையோ ஆலய முகப்புகளிலும் ரசீதுப் புத்தகங்களிலும் அது இருக்கிறது. ஆனால் வாலிபர்களில் பலர் அதை நின்று பார்த்ததில்லை. உங்கள் முதல் கூடுகையில் அந்தச் சின்னத்தைப் பெரிதாகப் போட்டு, 'இதில் என்னென்ன இருக்கிறது, ஏன் இருக்கிறது' என்று பத்து நிமிடம் பேசுங்கள். பார்க்கக் கற்றுக்கொண்ட பிள்ளைகள்தான் வரையவும் செய்வார்கள்.

இனி எழுத்துக்கு வருகிறேன். இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும் என்று நினைக்கிறேன். சபை வடிவமைப்பு பற்றி இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. தமிழுக்கு அது பாதிதான் பொருந்தும். ஆங்கிலத்தில் ஒரு சொல்லை உரக்கச் சொல்ல வேண்டுமானால் பெரிய எழுத்துகளில் போட்டுவிடலாம். நமக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவே கிடையாது. அழுத்தத்தைத் தடிமனாலும் அளவாலும் சுற்றியுள்ள வெற்றிடத்தாலும்தான் காட்ட முடியும். நம் எழுத்துகளுக்கு மேலே இகரக் கொக்கி ஏறுகிறது, கீழே உகரக் கால் இறங்குகிறது. ஆகவே வரிகளுக்கிடையில் ஆங்கிலத்துக்கு விடுவதைவிடத் தாராளமாக இடம் விட வேண்டும். நெருக்கினால் மேல்வரியின் 'மு'வும் கீழ்வரியின் 'கி'யும் முட்டிக்கொள்ளும். நம் சொற்களும் நீளமானவை. 'மேய்ப்பராயிருக்கிறார்' என்ற ஒரு சொல் திரையின் பாதியைப் பிடித்துவிடும். இடம் போதவில்லை என்று எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்காதீர்கள். சொற்களைக் குறையுங்கள், அல்லது இன்னொரு ஸ்லைடு போடுங்கள். ஸ்லைடுக்குக் காசு கிடையாது.

எழுத்துருவுக்கும் இன்று காசு தேவையில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, காடமரான், பவனம், பலூ தம்பி ஆகியவை கூகுள் எழுத்துருத் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கின்றன. அச்சிலும் திரையிலும் தடையின்றிப் பயன்படுத்த உரிமம் உண்டு. பாடல் வரிகளுக்கும் வசனத்துக்கும் முக்தா மலர் அல்லது நோட்டோ போதும். குழந்தைகள் நிகழ்ச்சியின் தலைப்புக்கு உருண்டையான பலூ தம்பி பொருந்தும். ஒரு போஸ்டருக்கு இரண்டு எழுத்துருவுக்கு மேல் வேண்டாம். ஆண்டு முழுவதும் அதே இரண்டையே பயன்படுத்தினால், மூன்றாவது போஸ்டரிலேயே, 'இது நம் வாலிபர் ஐக்கியத்துடையது' என்று சபை தூரத்திலிருந்து கண்டுகொள்ளும்.

பழைய தட்டச்சு முறை எழுத்துருக்களை விட்டுவிடுங்கள். அச்சகங்கள் பலவற்றில் இன்னும் அவை புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றில் அடித்த பாட்டை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் ஆங்கிலக் குறிகளாக உதிரும், தேடவும் முடியாது. சபையின் பாடல்களை ஒருமுறை, எல்லாக் கருவியிலும் ஒரேபோல் தெரியும் யூனிகோடில் ஏற்றி, பிழை பார்த்து வைத்துவிட்டால் பத்தாண்டு வேலை மிச்சம். போட்டோஷாப்பில் தமிழ் உடைகிறது, 'கொ' என்று அடித்தால் ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாகச் சிதறி நிற்கின்றன என்று பலரும் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். அமைப்புகளில் 'டைப்' பகுதிக்குள் போய் 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய பதிப்புகளில் அது 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்' என்ற பெயரில் இருக்கும். அதன்பிறகு யூனிகோட் தமிழ் ஒழுங்காக நிற்கும். அச்சகத்துக்குக் கொடுக்கும்போது எழுத்துருவைப் பதித்த பி.டி.எஃப். கோப்பாகக் கொடுங்கள். அங்கே திறந்ததும் எழுத்து மாறிவிடுகிற தொல்லை இராது.

ஆலயத் திரைக்கு ஒரு தனிக் குறிப்பு. நம் ஆலயங்கள் காற்றுக்காகவும் வெளிச்சத்துக்காகவும் கட்டப்பட்டவை. உயரமான சன்னல்கள், வெள்ளைச் சுவர்கள். காலை ஆராதனை நேரத்தில் வெயில் நேராக உள்ளே விழும். இருட்டு அரங்குகளுக்காகச் செய்யப்பட்ட கறுப்புப் பின்னணி, அதற்கு மேல் மலையும் மேகமும் அசையும் வீடியோ, அதன்மேல் வெள்ளை எழுத்து என்ற பாணி புரொஜெக்டரில் அந்த வெயிலுக்கு முன் நிற்காது. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து போடுங்கள். அழகு குறைவு என்று முதல் வாரம் தோன்றும், இரண்டாம் வாரம் எல்லாரும் வாய் திறந்து பாடுவார்கள். அசையும் பின்னணி எதுவானாலும் பாட்டு வரிக்குப் பின்னால் வேண்டாம். சனிக்கிழமை இரவு விளக்கைப் போட்டுச் சோதித்துப் பயனில்லை. ஞாயிறு காலை, ஆராதனைக்கு முன், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து சோதியுங்கள்.

வரியை எங்கே முறிப்பது என்பது அதைவிட முக்கியம். இருபத்துமூன்றாம் சங்கீதத்தின் முதல் வசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்.' கணினி தன் போக்கில் முறித்தால் 'நான்' என்ற சொல் முதல் வரியின் ஓரத்தில் தொங்கும். 'தாழ்ச்சியடையேன்' தனியே கீழே கிடக்கும். 'நான்' கீழ்வரியில் தொடங்க வேண்டும். மூச்சும் பொருளும் எங்கே நிற்கின்றனவோ அங்கே வரி நிற்க வேண்டும். பாட்டிலும் அப்படியே. கீர்த்தனையில் ஒவ்வொரு சரணத்துக்கும் பிறகு பல்லவிக்குத் திரும்புகிறோம். திரையை இயக்குபவர் பல்லவியை ஒருமுறை மட்டும் போட்டுவிட்டு, 'எல்லாருக்கும் தெரியுமே' என்று விட்டுவிடுகிறார். தெரிந்தவர்களுக்குத் திரையே தேவையில்லை. புதிதாக வந்தவர்தான் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார். சரணத்துக்குப் பின் பல்லவியை மறுபடியும் போடுங்கள், ஒவ்வொரு முறையும். திரையை இயக்குகிற பிள்ளை பாடத் தெரிந்த பிள்ளையாக இருக்க வேண்டும். அடுத்த வரி, பாடும் வரி முடிவதற்குச் சற்று முன்பே வர வேண்டும். பாடகர் குழு ஒத்திகைக்கு அந்தப் பிள்ளையும் போகட்டும். கணினி தெரிந்தவன் என்பதற்காக மட்டும் ஒருவனை அங்கே உட்கார வைக்காதீர்கள்.

திரை வந்துவிட்டது என்பதற்காகப் பாட்டுப் புத்தகத்தை நிறுத்திவிடவும் கூடாது. பாமாலை எண்ணையும் கீர்த்தனை எண்ணையும் திரையின் மூலையில் போடுங்கள். மின்சாரம் போனால் ஆராதனை நிற்காது. வீட்டு ஜெபத்தில் பாடவும் எண் நினைவிருக்கும்.

வசனத்தை எடுத்துப் படத்தில் போடுவது சபை வடிவமைப்பில் மிகச் சாதாரணமாக நடக்கும் வேலை. மிகுந்த கவனம் வேண்டிய வேலையும் அதுதான். 'என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு' என்ற வசனம் தேர்வு காலத்தில் உடற்பயிற்சி செய்யும் இளைஞன் படத்தோடும், மலையுச்சியில் கை விரித்து நிற்பவன் படத்தோடும் வலம்வருகிறது. அதற்கு முந்தின வசனத்தில் பவுல், 'தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்' என்கிறார். பசியையும் குறைவையும் பேசுகிறார். பட்டினியிலும் நிலைத்து நிற்கிற பெலனைப் பற்றிச் சிறையிலிருந்து எழுதியவரின் வரியை வெற்றி முழக்கமாக்குவது படத்தின் வேலை. படம் மெளனமாக வியாக்கியானம் செய்துவிடுகிறது! பிளஸ் டூவில் தோற்ற ஒரு பிள்ளை அந்தப் படத்தைப் பார்த்துத் தன் விசுவாசத்தையே சந்தேகிக்கும். நல்ல எதிர்காலத்தை வாக்களிக்கும் எரேமியா 29:11ம் அப்படித்தான். பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுபது வருஷம் காத்திருக்கச் சொல்லி எழுதிய கடிதத்தில் வரும் வாக்குத்தத்தம் அது. புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையில் போடும்போது அந்த எழுபது வருஷம் காணாமல் போய்விடுகிறது. அட்டையே போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் ஆண்டு முழுவதும் அந்த அட்டை கண்ணாடி ஓரத்தில் செருகி இருக்கும். அது தரும் ஆறுதல் எனக்குத் தெரியும். வசனத்தைத் தேர்ந்ததும் அதன் அதிகாரம் முழுவதையும் வாசித்துவிட்டுப் படத்தைத் தேடுங்கள் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன். அட்டையின் பின்பக்கத்தில் இரண்டு வரியில் அந்த வசனம் யாருக்கு, எப்போது சொல்லப்பட்டது என்று போட முடிந்தால் இன்னும் நல்லது.

படங்களைப் பற்றி. இயேசுவின் முகம் என்று நம் வீட்டுக் காலண்டர்களில் பதிந்திருக்கும் உருவம், பெரும்பாலும் 1940இல் அமெரிக்க ஓவியர் வார்னர் சால்மன் வரைந்த ஓவியத்தின் பிரதியோ சாயலோதான். அந்தப் படத்தின் முன் ஜெபித்தவர்களின் பக்தியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் பிள்ளைகள் வரையும் உவமைக் காட்சிகள் உங்கள் ஊரிலேயே நடக்கட்டும். விதைக்கிறவன் போகும் வழி தேரிக்காட்டு மணலாக இருக்கலாம். விதை விழுந்த முள்ளு உடைமுள்ளாக இருக்கலாம். காணாமல்போன ஆடு நம் ஊர் வெள்ளாட்டு மந்தையிலிருந்து போனதாக இருக்கலாம். வலை வீசும் பேதுருவுக்கு மணப்பாடும் உவரியும் இல்லாத கடலா வேண்டும்? இணையத்தில் எடுத்த படத்தில் கோதுமை வயலும் பனிமலையும்தான் வரும். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் கரியும் மஞ்சளும் கொண்டு வரைந்த பனைமரம் அச்சில் கொஞ்சம் கோணலாக வந்தாலும், அதைப் பெற்றோர் போஸ்டர் முன் நின்று பார்ப்பார்கள். இறக்கிக்கொண்ட படத்தின் முன் யாரும் நிற்பதில்லை.

நிறங்களுக்குச் சபையின் ஆண்டே வழிகாட்டும். கிறிஸ்துமஸுக்கு முந்தின அட்வெந்துக்கும் ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்துக்கும் ஊதா, கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் வெள்ளை, பெந்தெகொஸ்தேக்குச் சிவப்பு, மற்ற நாட்களில் பச்சை. பீடத்து விரிப்பு மாறும்போது அறிவிப்புத் தாளின் நிறமும் மாறினால் போதும். தனியாக வண்ண ஆராய்ச்சி தேவையில்லை.

பிள்ளைகளின் புகைப்படங்களில் கண்டிப்பாக இருங்கள். விடுமுறை வேதாகமப் பள்ளியில் எடுத்த படங்களை முகமும் பெயரும் ஊரும் தெரிய முகநூலில் போடுவது வழக்கமாகிவிட்டது. பெற்றோரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாங்கினாலும் பெயரையும் முகத்தையும் ஒன்றாகப் போடாதீர்கள். முதுகுப்பக்கமிருந்து எடுத்த கூட்டம், வண்ணம் தீட்டும் கைகள், தரையில் வரைந்த படம் ஆகியவை போதும்; நிகழ்ச்சியின் உற்சாகம் அவற்றிலேயே தெரியும். உதவி பெறுகிறவர்களின் படமும் வேண்டாம். அரிசிப் பையோடு ஒரு விதவைத் தாயை நிறுத்தி எடுக்கும் படத்தில் அவமானப்படுவது அவர் மட்டுமே. 'நீ தர்மஞ்செய்யும்போது' என்று சொல்லும் மலைப்பிரசங்கப் பகுதியை வாசித்த எந்தச் சபையும் அதைச் செய்யக் கூடாது.

பிளெக்ஸ் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதே என் பதில். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவே வைத்திருந்த பேனர் சரிந்து, இருசக்கர வாகனத்தில் வந்த இளம் பொறியாளர் ஒருவர் உயிரிழந்தார். அனுமதியில்லாத பேனர்களுக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை உத்தரவிட்டிருக்கிறது. சபையின் பெயரில் சாலையோரம் ஒரு அபாயம் நிற்கலாமா? வளாகத்துக்குள் துணிப் பதாகை கட்டுங்கள். ஆண்டு எண்ணை மட்டும் மாற்றித் தைத்து மறுமுறையும் பயன்படுத்தலாம். சுவரில் சுண்ணாம்பு அடித்து எழுதத் தெரிந்த பெயின்டர் இன்னும் எல்லா ஊரிலும் இருக்கிறார். அவருக்கு ஒரு நாள் கூலி கொடுத்து, கூடவே இரண்டு வாலிபர்களைப் பழக அனுப்புங்கள். அவர் தூரிகையில் தமிழ் எழுத்து வளையும் விதத்தைப் பார்த்தவன் பிறகு எந்த எழுத்துருவையும் கண்மூடித் தேர்ந்தெடுக்க மாட்டான்.

போஸ்டரில் யார் முகம் பெரிதாக இருக்கிறது என்பதிலும் எனக்குக் கருத்து உண்டு. விருந்தினர் படம் நடுவில், அவருடைய பட்டங்கள் இரண்டு வரி, சுற்றிலும் கமிட்டியார் படங்கள் ஒன்பது. நிகழ்ச்சி என்ன, யாருக்கு என்பது கீழே பொடி எழுத்தில் ஓடுகிறது. 'மாபெரும் வாலிபர் எழுப்புதல் முகாம்' என்ற தலைப்பு யாரையும் குறிப்பாக அழைப்பதில்லை. உங்கள் ஊர்ப் பிள்ளைகளின் மனத்தில் மே மாதம் என்ன ஓடுகிறது? தேர்வு முடிவு, கல்லூரி விண்ணப்பம், கட்டணம், சென்னைக்கோ கோவைக்கோ போவதா, வீட்டிலேயே இருப்பதா. அதை எடுத்துத் தலைப்பாக வையுங்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

பிளஸ் டூ முடிந்தது. அடுத்து?
ஒரு நாள் உட்கார்ந்து பேசலாம், ஜெபிக்கலாம்.
சனிக்கிழமை, காலை 9.30 முதல் மாலை 4 வரை, ஆலய வளாகம்.
கல்லூரி மாணவர்களும் வேலையில் இருக்கும் அண்ணன்மார், அக்காமாரும் வருகிறார்கள்.
மதிய உணவு உண்டு. கட்டணம் இல்லை.
எந்த ஊர், எந்தச் சபை என்றாலும் வாருங்கள்.

உங்கள் தேதியையும் சேருங்கள்; அது மட்டும் பெரிய அளவில் இருக்கட்டும். இதில் எந்தச் சொல்லும் அலங்காரமில்லை. டீக்கடைப் பையனுக்கு ஒவ்வொரு வரியும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்கிறது: எனக்கா, எப்போது, எங்கே, காசு வேண்டுமா, நான் வரலாமா. 'எழுப்புதல்', 'அபிஷேகம்', 'ஆத்தும ஆதாயம்' போன்ற சபைக்குள் புழங்கும் சொற்களை உள்ளே பேசும்போது வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் எல்லாருக்கும் தெரிந்த தமிழ் இருக்கட்டும்.

இதே வரிகளை வாட்ஸ்அப்பில் வெறும் எழுத்தாகவும் அனுப்புங்கள். படமாக மட்டும் அனுப்பினால் பார்வையற்றவரின் கைபேசி அதை வாசித்துச் சொல்வது கடினம். தேதியைத் தேடினாலும் அகப்படாது. வாசிக்கத் தெரியாத முதியவர்களுக்கு அரை நிமிடக் குரல்செய்தி ஒன்று போதும். அதையும் அவர்களுக்குப் பழக்கமான குரலில், சபை ஊழியரான உபதேசியாரையோ பெண்கள் ஐக்கியத் தலைவியையோ பேசச் சொல்லி அனுப்புங்கள். தினமும் காலையில் பூப்படத்தோடு வசனம் அனுப்பும் குழுவில் முக்கியமான அறிவிப்பு மூழ்கிப்போகும். அறிவிப்புக்குத் தனிக் குழு வையுங்கள். அதில் நிர்வாகிகள் மட்டும் பதிவிடட்டும்.

யூடியூப் ஒளிபரப்பில் படத்தைவிட ஒலிக்குச் செலவிடுங்கள். கைபேசிக் கேமராவே போதும். ஆனால் பிரசங்கம் மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவே கேட்டால் படுக்கையில் இருக்கும் நோயாளி இரண்டாம் நிமிடத்தில் அணைத்துவிடுவார். ஆலயத்து ஒலி மிக்சரிலிருந்து நேராக ஒரு ஒயர் கைபேசிக்கு வரட்டும். பாட்டுகளின் உரிமையையும் கவனியுங்கள். இந்தியச் சட்டப்படி ஒரு படைப்பின் உரிமை ஆசிரியர் இறந்து அறுபது ஆண்டுவரை நீடிக்கிறது. உண்மையான சமயச் சடங்கில் பாடுவதற்கு விலக்கு உண்டு. ஆனால் பதிவை இணையத்தில் வைத்திருப்பதற்கும் அந்த விலக்கு பொருந்தும் என்று நீங்களாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சாஸ்திரியார் காலத்துக் கீர்த்தனைகளைச் சொந்தக் குரலில் பாடினால் சிக்கல் இல்லை. இன்றைய பாடகரின் பாட்டென்றால் அவரிடம் ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள்.

வாலிபர்களை எப்படி ஈர்ப்பது என்று கேட்டீர்கள். பார்வையாளர்களாக உட்கார வைத்தால் அவர்கள் வர மாட்டார்கள். அவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கும் திரையோடு உங்கள் திரை ஒருநாளும் போட்டியிட முடியாது. செய்யக் கொடுத்தால் வருவார்கள். இதில் என் மனத்தில் முதலில் நிற்பவர் தியோபிலஸ் அப்பாவு. மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்தவர், 2005இல் மறைந்தார். பிள்ளைகளுக்கு அவர் 'பரட்டை' அண்ணன். கர்நாடக இசையிலும் மேற்கத்திய ராகத்திலும் பழகியிருந்த சபைக்குள் நாட்டுப்புற மெட்டையும் ஏழை மக்களின் பேச்சையும் பறையையும் கொண்டுவந்தார். ஒடுக்கப்பட்டவர்களின் இசைக்கு ஆராதனையில் இடமில்லையென்றால் அவர்களுக்கே இடமில்லை என்பதை அவர் பாட்டாலேயே சொன்னார். ஒரே உலையில் சமைத்து ஒன்றாகச் சாப்பிடுவதை அவர் இறையியலாகப் பேசினார். அசனப் பண்டிகை என்னும் சபை விருந்தில் சாதி பாராமல் ஒரே பந்தியில் உட்காரும் சபை இதை உடனே புரிந்துகொள்ளும். அப்படி உட்காராத சபையும் புரிந்துகொள்ளும்.

உங்கள் பகுதிக்கு வில்லுப்பாட்டு இருக்கிறது. வில், குடம், உடுக்கை, தாளம், ஒருவர் கதை சொல்ல மற்றவர்கள் 'ஆமா' போடுவது. சபைகள் வேதக் கதைகளை வில்லில் பாடியது புதிதல்ல. முகாமின் முடிவில் பிரசங்கத்துக்குப் பதிலாகக் கெட்டகுமாரன் கதையை வில்லுப்பாட்டாக அரங்கேற்றச் சொல்லுங்கள். எழுத ஒருவர், மெட்டுக்கு ஒருவர், குடத்துக்கு ஒருவர், பின்திரை வரைய இரண்டு பேர், ஒளிப்பதிவுக்கு ஒரு பெண்பிள்ளை. பெண்பிள்ளைகளை அலங்காரத்துக்கும் கோலத்துக்கும் மட்டும் அனுப்பி, கணினியையும் மிக்சரையும் பையன்களே பிடித்துக்கொள்ளும் பழக்கத்தை இந்த முகாமிலேயே நிறுத்துங்கள். சொத்தை அழித்துவிட்டுத் திரும்பிய தம்பிக்கு அப்பா விருந்து வைத்ததைக் கண்ட மூத்த மகனின் கோபத்தை எழுதும்போது அவர்களுக்குள் ஒரு விவாதம் கிளம்பும்: அப்பா செய்தது நியாயமா? அந்த விவாதத்தில் அவர்கள் வேதத்தை வாசித்துவிடுவார்கள்.

குழுவில் ஒருவர் மட்டும் கட்டாயம் வேண்டும்: பிழை திருத்துபவர். சபையில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் நிச்சயம் இருப்பார். 'சபைக்குள் உலகம் நுழைகிறது' என்று வருந்தியவரே அவராகவும் இருக்கலாம். அச்சுக்குப் போகும் எல்லாவற்றையும் அவரிடம் காட்டி ஒற்றெழுத்து, வசன எண், பெயர் எழுத்து சரிபார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் செய்வதை வெளியிலிருந்து பார்த்தவர் உள்ளே வந்துவிடுவார். அவருடைய கண் உங்களுக்கு வேறெங்கும் கிடைக்காது. அதன்பின் சேகரகுருவிடம் ஒருமுறை காட்டுங்கள். அதற்கு மேல் யாரிடமும் ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டாம். ஏழு பேர் திருத்திய போஸ்டரில் ஒன்பது முகங்களும் திரும்பி வந்துவிடும்.

கடைசியாக ஒன்று, செலவில்லாதது. பாடல் கோப்புகள், எழுத்துருக்கள், சின்னம், படங்கள், யூடியூப் கடவுச்சொல் எல்லாம் இப்போது யாரோ ஒரு தம்பியின் கைபேசியில் இருக்கும். அவன் வேலை கிடைத்துச் சென்னைக்கோ துபாய்க்கோ போனதும் சபை மறுபடியும் முதலிலிருந்து தட்டச்சு செய்யும். சபையின் பெயரில் ஒரு மின்னஞ்சல் கணக்கு தொடங்கி எல்லாவற்றையும் அதில் ஏற்றுங்கள். கடவுச்சொல்லை எழுதி உறையிலிட்டு ஆலய அலுவலகப் பெட்டியில் வையுங்கள். ஒவ்வொரு போஸ்டரிலும் ஒரு பிரதியைத் தேதி போட்டுக் கோப்பில் சேருங்கள். உங்களுக்குப் பிறகு வரும் செயலாளர் முதல் நாளில் திறந்து பார்க்க வேண்டியது அந்தக் கோப்பைத்தான்.